பாத்திரக் கடைக்காரர்கள் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போன கதை

இதை நான் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். மீதிப் பேர் ஊத்துமேட்டுப்பாளையத்தைப் பார்த்தவர்களாக இருப்பீர்கள். அந்த ஊரில் நாச்சிமுத்து, குப்புராசு, ஆறுச்சாமி என்று மூன்று அண்ணன் தம்பிகள். கல்யாணம், காதுகுத்து, கெடாவெட்டு எதுவானாலும் அண்டா, குண்டா, கரண்டி, நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் இவர்கள் கடையிலிருந்துதான் வாடகைக்குப் போகும். மூன்று பேருக்கும் சேர்த்து மூளையும் ஒன்று இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

ஆனால் தொழிலில் அவர்களை ஒரு குறை சொல்ல முடியாது. போன பொருள் போன மாதிரியே திரும்பி வந்தாக வேண்டும். அண்டாவைக் கொடுக்கும்போது விரலால் தட்டிச் சத்தம் கேட்பார்கள், நசுங்கல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், தராசில் நிறுத்தும் பார்ப்பார்கள். திரும்பி வரும்போதும் அதே சோதனை. ஒரு கரண்டிக்குக் காம்பு கோணியிருந்தால்கூட அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போக முடியும்.

இப்படி இருக்கையில், கடலோரத்தில் ரிசார்ட் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் தன் மகள் கல்யாணத்தை இந்தப் பக்கம் நடத்தினார். இவர்கள் அனுப்பிய பாத்திரத்தின் பளபளப்பைப் பார்த்துச் சொக்கிப்போய், "ஒரு தடவை குடும்பத்தோட வந்து எங்க ரிசார்ட்ல தங்கிட்டுப் போங்க, எல்லாம் என் செலவு" என்று சொல்லிவிட்டார். பாவம், நல்ல மனிதர்.

நாச்சிமுத்துதான் மூவரில் மூத்தவர், மூவரில் கல்யாணமானவரும் அவர் ஒருவரே. அவர் மனைவி பாவாத்தா. பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் யாழினிக்கு ஆறு வயது, சின்னவன் மௌலிக்கு நாலு. மௌலி பிறந்த நாளிலிருந்து பாவாத்தா ஒரு முழுத் தூக்கம் தூங்கியதில்லை. அதனால் ரிசார்ட் என்றதும் அவள் கடலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"ஏனுங் மாமா, நான் வரலீங். நீங்க மூணு பேரும் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க. நான் கதவச் சாத்திட்டுத் தூங்கறேன்" என்றாள்.

நாச்சிமுத்துவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஏனென்றால் பாவாத்தா அதுவரை பிள்ளைகளை அவரை நம்பித் தெருமுக்குக் கடைக்குக்கூட அனுப்பியதில்லை. ஒரே ஒரு தடவை மௌலிக்கு முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள். சலூன்காரர் "உட்காருங்க" என்றார். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது என்று நாச்சிமுத்து உட்கார்ந்தார். மௌலி போன தலையோடு திரும்பினான், நாச்சிமுத்து மொட்டையாகத் திரும்பினார். அன்றோடு அந்த வாய்ப்பும் போயிற்று. தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு எத்தனை ஆசை தெரியுமா? வெளியில் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

கிளம்பும் அன்று பாவாத்தா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள்.

"இதப் பாருங்க. பிள்ளைகள எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கொண்டாந்து என்ற கையில குடுக்கோணும். துளி மாத்தம் இருக்கப்படாது. இருந்துதோ, இந்த சென்மத்துல பிள்ளைகள உங்ககூட வாசப்படி தாண்ட உடமாட்டேன்."

வேறு எந்தத் தகப்பனிடம் சொல்லியிருந்தாலும் "சரி சரி" என்று வண்டியில் ஏறியிருப்பான். இவள் சொன்னது பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்களிடம். மூவரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மரியாதையாகப் பிள்ளைகளைக் கடைக்குத் தூக்கிப் போனார்கள்.

முதலில் தட்டிப் பார்த்தார்கள். யாழினி "ஆ" என்றாள். மௌலி "ஊ" என்றான். "ரெண்டு சத்தமும் நல்லாருக்குதுங்ணா, கீறல் இல்ல" என்றான் குப்புராசு. பிறகு தராசில் ஏற்றினார்கள். யாழினி ஒரு பெரிய அண்டாவும் ஒரு இட்லிக் குண்டாவும் சேர்ந்த எடை வந்தாள். மௌலி ஒரு நடுத்தர அண்டாவுக்குச் சரியாக நின்றான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் நிறுத்தார்கள்.

"அண்ணா, வெயில்ல நெறம் மாறுமுங்ளே, அத எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டான் ஆறுச்சாமி. அன்றைக்கு மூளை அவனிடம் இருந்தது.

நாச்சிமுத்து வீட்டுக்குள் போய் வெல்லப் பானையைக் கொண்டுவந்தார். யாழினியின் கன்னத்தோடு ஓர் அச்சு வெல்லத்தை ஒட்டிப் பிடித்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. மௌலிக்கு நாட்டுச் சர்க்கரை சரியாக வந்தது. இரண்டையும் பொட்டலம் கட்டி, "இதுதான் மாதிரி. பத்திரம்" என்று பிள்ளைகள் கையிலேயே கொடுத்தார். குப்புராசு வண்டியை எடுத்தான்.

ரிசார்ட் வாசலில் ஒரு பெண் சிரித்த முகமாக நின்று பிள்ளைகள் கழுத்தில் சிப்பி மாலை போட வந்தாள். நாச்சிமுத்து பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"வேண்டாமுங் அம்மிணி! வரும்போது கழுத்து சும்மா இருந்துச்சுங்."

அந்தப் பெண் இளநீர் நீட்டினாள். "எடை ஏறிரும்" என்று பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து மூன்று பேரே குடித்துவிட்டார்கள். பிறகு அவள் பிள்ளைகளின் கையில் ஒரு வண்ணப் பட்டையை மாட்டிவிட்டு, "ரூமைக் காலி பண்ற வரைக்கும் இதைக் கழட்டவே கூடாது சார்" என்றாள்.

இது பெரிய தர்மசங்கடமாகப் போய்விட்டது. மூவரும் தென்னை மரத்தடியில் கூடினார்கள்.

"கழட்டுனா இந்த அம்மிணி சொன்னது தப்பிப் போகும். கழட்டலீன்னா அண்ணி சொன்னது தப்பிப் போகும்" என்றான் குப்புராசு.

"கழட்டக் கூடாதுன்னுதான சொன்னாங்க? அறுக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றான் ஆறுச்சாமி.

அறுத்தார்கள். அறுத்ததைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல் நாச்சிமுத்து தன் காது இரண்டிலும் சுற்றிக் கட்டிக்கொண்டார். மேனேஜர் ஜெரால்டு அந்தப் பக்கம் வந்தவர் இந்தக் காதுகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பல வருடமாக விருந்தாளிகளைப் பார்த்தவர், எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

நீச்சல் குளத்தருகே ஒரு பலகை இருந்தது. குப்புராசு எழுத்துக் கூட்டி வாசித்தான். "குளத்தில் இறங்கும் முன் கட்டாயம் குளிக்கவும்."

பிள்ளைகளைப் பக்கத்துக் குழாயடியில் நிறுத்தி நன்றாகக் குளிப்பாட்டினார்கள். தாங்களும் குளித்தார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

"அப்பா, குளத்துல இறங்கலியா?" என்றாள் யாழினி.

"அதான் குளிச்சாச்சல்லோ கண்ணு. இன்னொருக்கா எதுக்கு?" என்றார் நாச்சிமுத்து.

யாழினி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு விஷயம் பிடிபட்டால் அது முகத்தில் அப்படியே தெரியும். அந்த நிமிஷம் அவளுக்கு என்னவோ பிடிபட்டது. தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தான்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனார்கள். காவலுக்கு நின்ற ஆள், "அலை வந்தா பின்னாடி வந்துருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அலை வந்தது. நாச்சிமுத்து யாழினியையும் குப்புராசு மௌலியையும் ஆறுச்சாமி செருப்புகளையும் தூக்கிக்கொண்டு பின்னாடி ஓடினார்கள். எவ்வளவு தூரம் பின்னாடி என்று காவலாள் சொல்லாததால் அறைவரை ஓடிக் கதவைச் சாத்தினார்கள். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் அலை போய்விட்டிருந்தது. திரும்பி வந்தார்கள். மறுபடி அலை வந்தது. மறுபடி அறைக்கு ஓட்டம்.

"அண்ணா, இந்த அலை நம்மளப் பாத்துட்டுத்தான் வருது" என்றான் குப்புராசு மூச்சிரைத்துக்கொண்டே.

பிள்ளைகளுக்கோ இதைப் போல ஒரு விளையாட்டு சென்மத்தில் கிடைத்ததில்லை. "அலை! அலை!" என்று வராத அலைக்கும் கத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் நாக்குத் தள்ளிப்போய் மணலில் விழுந்தார்கள். அப்போதுதான் நாச்சிமுத்து கவனித்தார். பிள்ளைகள் தலையில், சட்டையில், கால்சட்டைப் பைக்குள் எல்லாம் மணல்.

"வரும்போது மணல் இல்லியே!"

விருந்து முடிந்தால் ஜமுக்காளத்தை இரண்டு பேர் இரண்டு முனை பிடித்து உதறுவார்களே, அப்படி மௌலியை உதறினார்கள். அவனுக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், உதறி முடித்ததும் ஓடிப்போய் மறுபடி மணலில் புரண்டுவிட்டு வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

மறுநாள் நல்ல வெயில். நாச்சிமுத்துவுக்கு நிறத்தின் நினைவு வந்தது. பொட்டலத்தைக் கேட்டார். மௌலி வெறும் காகிதத்தை நீட்டினான்.

"மாதிரி எங்கடா?"

மௌலி வயிற்றைத் தட்டிக் காட்டினான். யாழினியும் தட்டிக் காட்டினாள்.

"போச்சுங்ணா! இப்ப நெறம் மாறியிருக்குதா இல்லியான்னு எப்படித் தெரியும்?" என்று குப்புராசு தலையில் கைவைத்தான்.

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். அன்றைக்கு மூளை தன்னிடம் இருப்பதாக அவருக்கே தோன்றியது. எதிர்க் கடைக்குப் போய் ஒரு கருப்பட்டி வாங்கிவந்து யாழினியின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தார். பொருந்தியது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களாடா? மாதிரிக்கும் பிள்ளைக்கும் துளி வித்தியாசம் இல்ல. ஒரு மாத்தமும் இல்ல."

தம்பிகள் இருவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இவர்கள் இப்படிக் கருப்பட்டியும் கையுமாக மும்முரமாக இருந்த நேரத்தில் யாழினி குளத்தடிக்கு நழுவிவிட்டாள். அங்கே நீச்சல் சொல்லிக் கொடுக்கும் பெண் ஒருத்தி மற்றப் பிள்ளைகளோடு இவளையும் சேர்த்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குத் தேடி வந்தவர்கள் பார்த்தால், யாழினி குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மீன்குஞ்சு மாதிரி போய்க்கொண்டிருக்கிறாள்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது. "என்ற மகள்!" என்று கத்த வாய் திறந்தார். அடுத்த கணம் பொக்கென்று போய்விட்டது.

"டேய், வரும்போது இவளுக்கு நீச்சல் தெரியாதேடா."

"குறையலியேங்ணா, கூடத்தான செஞ்சிருக்குது?" என்றான் ஆறுச்சாமி.

"கூடுனாலும் தப்புத்தாண்டா. நம்ம அண்டாவோட அடுத்தவன் வூட்டுச் சொம்பு சேர்ந்து வந்தா வெச்சுக்கறமா? கொண்டுபோய்க் குடுக்கறமல்லோ?"

அந்தப் பெண்ணிடம் போனார்கள். நாச்சிமுத்து கைகூப்பி, "அம்மிணி, உங்க நீச்சல எங்க பொண்ணு தெரியாம எடுத்துட்டு வந்துட்டா. தயவுபண்ணித் திருப்பி வாங்கிக்கோணும்" என்றார்.

"கத்துக்கிட்டதை எப்படிங்க திருப்பி வாங்குறது? அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்று அவள் சிரித்தாள்.

அப்போது ஆறுச்சாமி சட்டையைக் கழற்றினான். "அண்ணா, நீச்சல் தெரிஞ்சவங்க நீச்சல் சொல்லிக் குடுத்தாங்க. நீச்சல் தெரியாததச் சொல்லிக் குடுக்க நீச்சல் தெரியாதவன் வேணுமல்லோ? அதுல என்னைய மிஞ்ச நம்மூர்ல ஆள் இல்லீங். யாழினிக் கண்ணு, சித்தப்பா செய்யறதப் பாத்து அப்படியே செய்யோணும்."

குதித்தான். நீச்சல் தெரியாத ஒருவன் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் ஒன்று விடாமல் செய்து காட்டினான். அருமையான பாடம். கடைசியில் குமிழி மட்டும் வந்தது. யாழினி குதித்துப்போய் அவன் முடியைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துவந்தாள். அவன் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "பாத்துக்கிட்டியா கண்ணு, இப்படித்தான்" என்றான்.

பாடம் பாதியில் நின்றதால் சாயங்காலம் மறுபடி இறங்கினான். அதற்கு மறுநாளும் இறங்கினான். யாழினிக்கு நீச்சல் மறக்கவில்லை, ஆறுச்சாமிக்கு வந்துவிட்டது. அண்ணனிடம் கலங்கிப்போய் நின்றான்.

"அதனால பரவால்லடா" என்றார் நாச்சிமுத்து. "உன்னைய அப்படியே கொண்டுவரச் சொல்லி யாரும் கேக்கலியே. யாராச்சும் கேட்டாலும் அவள வூட்டுல நீந்திக் காட்டாம இருக்கச் சொல்லிக்கலாம்."

அதற்குள் குப்புராசு ஓடிவந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணா, மௌலி மூக்கு நின்னுபோச்சு!"

உப்புக் காற்றோ என்னவோ, அவனுக்கு நினைவு தெரிந்த நாளாக ஒழுகிக்கொண்டிருந்த மூக்கு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. நாச்சிமுத்து துண்டால் துடைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அண்ணாந்து பார்க்கச் சொல்லி உள்ளே பார்த்தார். பிள்ளை நன்றாக மூச்சு விட்டான்.

"சளி பிடிக்க வைக்கோணும். வேற வழியில்ல" என்று முடிவாயிற்று.

ஐஸ்கிரீம் வந்தது. மௌலி தின்றான். மூக்கு வரவில்லை. இன்னொன்று வந்தது. அதையும் தின்றான். "வருதாடா?" என்று மூன்று பேரும் மூக்கடியில் குனிந்து கேட்டார்கள். "கொஞ்சம் வர்ற மாதிரி இருக்குது சித்தப்பா, இன்னொண்ணு தின்னா வந்துரும்" என்றான் அந்தப் பொடியன். யாழினியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் வரும்போது மூக்கு ஒழுகுச்சுப்பா. நீங்கதான் பாக்கல" என்றாள். நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கவனக்குறைவை நொந்துகொண்டு அவளுக்கும் வாங்கிக் கொடுத்தார். ரிசார்ட்டில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோயிற்றே தவிர மூக்கு வந்தபாடில்லை.

இதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். கிளம்ப வேண்டிய நாள் காலையில் யாழினி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். முன்பல் ஒன்று இல்லை.

நிறம், நீச்சல், மூக்கு எல்லாம் பார்த்தால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இது பாத்திரத்தில் பிடியே கழன்ற கதை.

"பல்லு எங்க கண்ணு? குடு, குடு" என்று கையை நீட்டினார் நாச்சிமுத்து.

"கூரை மேல போட்டுட்டேன். அப்பத்தான் புதுப்பல்லு மொளைக்கும்னு அம்மா சொல்லியிருக்குதல்லோ."

அவர்கள் தங்கியிருந்த குடில் தென்னங்கீற்று வேய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் மூன்று பேரும் கூரை மேல் இருந்தார்கள். ஒரு கீற்றைத் தூக்கிப் பார்த்தார்கள். இல்லை. அடுத்த கீற்றைத் தூக்கினார்கள். பல் சின்னதல்லவா, எந்த இடுக்கில் வேண்டுமானாலும் இருக்கும். ஜெரால்டு செய்தி கேட்டு ஓடிவந்தபோது பாதிக் குடிலுக்குமேல் வானம் தெரிந்தது.

"ஐயோ, என்ன சார் பண்றீங்க! கூரையை ஏன் சார் பிரிக்கிறீங்க?"

"பல்லுத் தேடறமுங்" என்றான் குப்புராசு அடக்கமாக.

நாச்சிமுத்து முகட்டில் உட்கார்ந்தார். கையில் ஒரு காய்ந்த கீற்று. கடலைப் பார்த்தார், கீழே கைகொட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போச்சுங். எல்லாம் போச்சுங். இனி என்ற பிள்ளைகளத் தெருமுக்குக் கடைக்குக்கூட என்ற பொண்டாட்டி எனக்குக் குடுக்கமாட்டாளுங்" என்று பெரிய ஆள், மீசை வைத்த ஆள், விக்கி விக்கி அழுதார். யாழினிக்குக் கைகொட்டுவது தானாக நின்றுபோயிற்று.

ஜெரால்டும் பிள்ளை பெற்றவர். கோபம் இறங்கிவிட்டது. "சார், பால் பல்லு சார் அது. விழுந்தா மறுபடி முளைச்சுடும். இதுக்குப் போயா அழுவாங்க?"

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்தார். "மொளைச்சுருமுங்ளா? அதே எடத்துலிங்ளா?"

"அதே இடத்துல சார். கொஞ்ச மாசம் ஆகும், அவ்வளவுதான்."

நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது. "அப்பறமென்னுங்! அது வரைக்கும் ரூம்பு இருக்குமுங்களா?"

ஜெரால்டு கூரையைப் பார்த்தார். காதில் பட்டை கட்டியிருந்த மனிதரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, "ஐயா, சாமி, நீங்க எப்படி வந்தீங்களோ அப்படியே கிளம்பிடுங்க" என்றார்.

அதையும் மீறவில்லை. வரும்போது வண்டியின் முகம் ரிசார்ட்டைப் பார்த்து இருந்தது. ஆகவே போகும்போதும் அதே முகம் அதே பக்கம் பார்க்கும்படி, குப்புராசு பெரிய ரோடு வரைக்கும் வண்டியைப் பின்னாலேயே ஓட்டினான். வாசல் காவலாளி யாரோ வருகிறார்கள் என்று நினைத்து வணக்கம் வைத்தார். வண்டி சிறுத்துக்கொண்டே போனதும் கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

வழியில் ஆறுச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு தேங்காயை உடைத்து, பத்தை கீறி, பேனாக்கத்தியால் பல் மாதிரி சீவி யாழினியின் ஓட்டையில் வைத்தான். வெள்ளை வெளேரென்று அப்படிப் பொருந்தியது. நாச்சிமுத்து குனிந்து பார்த்துக் குதூகலித்தார். யாழினி அதைச் சப்பென்று தின்றுவிட்டாள். இன்னொன்று சீவினான். அதையும் தின்றாள். ஊர் எல்லையைத் தொடுவதற்குள் தேங்காய் முழுவதும் தீர்ந்து, மௌலியும் தனக்கு ஒரு பல் வேண்டுமென்று அழ ஆரம்பித்திருந்தான்.

"வாயத் தொறக்காத கண்ணு. அம்மா கேட்டா தலைய மட்டும் ஆட்டு. அப்பாவுக்காக" என்று நாச்சிமுத்து மகளிடம் கெஞ்சினார். இன்றைக்கு விட்டால் இனி என்றைக்குமே பிள்ளைகள் தன் கைக்கு வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

வண்டி வாசலில் நின்றது. வீட்டுக் கதவு திறந்தது.

பாவாத்தா வந்தாள். நாள் கணக்காகத் தூங்கி எழுந்த பாவாத்தா. கண்ணடியில் இருந்த கருமை இல்லை. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வாய் நிறையச் சிரிப்பு. ஓடிவந்து இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக் கட்டிக்கொண்டாள். யாழினி அப்பா சொன்னதை மறந்து பொக்கை வாயைத் திறந்து சிரித்துவிட்டாள். நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அடடே, பல்லு உழுந்துருச்சா என்ற தங்கத்துக்கு! இதென்ன, மூக்குக்கூட ஒழுகல! வெயில்ல நல்லா வெளையாடியிருக்குதுக, பாரு!" என்று பாவாத்தா கொஞ்சினாள். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "மாமா, நாந்தான் உங்களத் தெரியாம என்னென்னமோ பேசிப்போட்டேன். பிள்ளைகள எத்தன சந்தோசமா வெச்சுருந்திருக்கீங்க! இனிமே நீங்க எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. சித்த உக்காருங்க, காப்பி வெக்கறேன்" என்று இறங்க மாட்டோம் என்று அடம்பிடித்த பிள்ளைகளை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நாச்சிமுத்து மெதுவாகக் கண்ணைத் திறந்தார். தம்பிகள் இருவரும் வெளிறிப்போய் நின்றார்கள்.

"அண்ணா" என்றான் குப்புராசு ரகசியமாக. "இது யாருங்ணா?"

"அண்ணி மாதிரிதான் இருக்குது" என்றான் ஆறுச்சாமி. "ஆனா அண்ணி நம்ம மூணு பேரையும் பாத்துச் சிரிச்சு நான் பாத்ததில்லீங். காப்பி வேற வெக்கறேங்குது."

"நாம உட்டுட்டுப் போறப்ப அண்ணி இப்படி இல்லீங்ணா" என்றான் குப்புராசு.

நாச்சிமுத்துவுக்கு இப்போதுதான் விஷயம் முழுக்க விளங்கியது. "அவ என்ன சொன்னா? 'கொண்டாந்து என்ற கையில குடுக்கோணும்'னு தான சொன்னா? நாம பாட்டுக்கு ஊர் பேர் தெரியாத ஒருத்தி கையில பிள்ளைகளக் குடுக்கப் பாத்தமேடா! என்ற பாவாத்தாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவறது? எடுறா வண்டிய! வூடு மாறி வந்துட்டம்!"

மூன்று பேரும் வண்டியில் பாய்ந்து ஏறினார்கள். பாவாத்தா காப்பித் தட்டோடு வெளியே வந்தால், வண்டி தெருமுனையில் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்புகிறது. பின்னால் உட்கார்ந்து பிள்ளைகள் இரண்டும் அம்மாவுக்குக் கையாட்டிக்கொண்டு போகின்றன.

தட்டு கீழே விழுந்தது. பாவாத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். "அடே கூறுகெட்டவனுகளா! பிள்ளைகளத் தூக்கிட்டு எங்கடா போறீங்க! நில்லுங்கடா! நீங்கெல்லாம் மனுசனுகளாடா!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு அந்தத் தெருவில் திறக்காத கதவு இல்லை.

குப்புராசு கண்ணாடியில் பார்த்தான். "அண்ணா, பின்னால யாரோ நம்மளத் திட்டிக்கிட்டே ஓடிவர்றாங்க. குரல் அப்படியே நம்ம அண்ணி குரலுங்ணா!"

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளைகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

"அவளேதாண்டா! அவ சத்தம் இங்கவரைக்கும் கேக்குதுன்னா நம்ம வூடு பக்கத்துலதான் இருக்குது. நிறுத்தாத, இன்னும் வேகமா ஓட்டு!"